ஒட்டகச்சிவிங்கிக்குக் கண்ணீர் அஞ்சலி

உலகத்திலேயே மிக அதிக மரியாதையோடு எழுதி, மிகக் குறைவாகப் பதில் வாங்கிய மனிதர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு மண்ணரை ஞாபகத்தாரைத்தான் சொல்வேன். அவர் அனுப்பிய செய்திகளை ஒரு பாறைக்கு அனுப்பியிருந்தால்கூட, அது கூச்சப்பட்டு 'ஓகேங்க' என்று சொல்லியிருக்கும். திருப்பூர் மெர்ச்சண்டைசர்கள் சொல்லவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் போடும் டி-சர்ட்டின் நெஞ்சில் ஒரு முயலோ, ராக்கெட்டோ, கண்ணாடி போட்ட நாய்க்குட்டியோ சிரித்துக்கொண்டு நிற்கும் இல்லையா? அதை யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரைகிறார். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லாமல், நாலைந்து கம்பெனிகளுக்கு வெளியில் இருந்தே வரைந்து கொடுப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். வரைந்ததைக் கம்பெனியின் மெர்ச்சண்டைசருக்கு அனுப்ப வேண்டும். ஆர்டரைக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். அவர் பார்த்து 'ஓகே' சொன்னால்தான் பிரிண்டிங்குக்கு ஸ்கிரீன் போட முடியும். வரைய ஒரு நாள் போதும். அந்த ஓகே வருவதற்குள் வரைந்த முயலே பேரன் பேத்தி எடுத்துவிடும்.

ஞாபகத்தாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையைத் தவிர அதை வேறு யாரும் உபயோகித்ததில்லை. அவருடைய ஒவ்வொரு செய்தியும் 'சும்மா ஒரு ஞாபகத்துக்குங்க' என்றுதான் தொடங்கும். அதனால் மெர்ச்சண்டைசர்கள் தங்களுக்குள் கேலியாக வைத்த பெயர் அது. இது அவர் காதுக்கு எட்டியபோது மனிதர் வருத்தப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கடைசியில் 'தார்' என்று மரியாதை போட்டிருக்கிறார்களே என்று பூரித்துப்போய், 'ஞாபகத்தார் ஆர்ட்ஸ்' என்று போர்டே எழுதி மாட்டிவிட்டார்.

திருப்பூர் மண்ணரைப் பகுதியில், அந்த போர்டுக்குக் கீழே, ஜிப்பும் பட்டனும் விற்கும் கடைக்கு மேல்மாடியில், ஒரே அறையில் இரண்டு டேபிள்கள். இரண்டாவது டேபிளை வாடகைக்கு எடுத்தவள் நான். நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. அவருக்கு வயது நாற்பத்தெட்டு. எனக்கு இருபத்தாறு, மூக்கு நுனியில் கோபம்.

முதல் நாளே பயந்துவிட்டேன். வரைந்துகொண்டிருந்த மனிதர் திடீரென்று எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். தலையை ஒருமுறை தடவிவிட்டு, நின்றபடியே குனிந்து 'சென்ட்' பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, நீங்க நிக்கறது அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று கேட்டேன்.

"உக்காந்துட்டு அனுப்புனா எழுத்துலயே தெரிஞ்சுருமுங்க அம்மணி."

நினைவூட்டல்களை அவர் புதன்கிழமை பதினோரு மணிக்கு மட்டும்தான் அனுப்புவார். அதற்கு அவரிடம் ஒரு ஆராய்ச்சியே இருந்தது. "திங்கக்கெழம பழைய ஷிப்மென்ட் தலவலிங்க. செவ்வாக்கெழம புதுத் தலவலி. வியாழன், வெள்ளி தைக்கற பக்கம் ஏதாச்சும் சண்டை. சனிக்கெழம சம்பளம் போடோணும். புதங்கெழம பதினோரு மணிக்கு, டீ குடிச்ச பொறவு, அரை மணி நேரந்தானுங்க மெர்ச்சண்டைசர் மனுசனா இருப்பான்." அனுப்பிய கையோடு போனை டேபிள் டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஒரு மணிக்குத்தான் திறப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் பதில் வராதாம். பார்க்காவிட்டாலும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பதில் போடச் சோம்பல்படும் மனிதர்களுக்காக அவர் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். 'ஓகே என்றால் 1 என்று அனுப்புங்க. மாத்தோணும் என்றால் 2. யோசிக்கிறோம் என்றால் 3. நீ யாரு என்றால் 4.' பன்னிரண்டு பேருக்கு அனுப்பியதில் ஒருவர் மட்டும் பதில் போட்டார். 4 என்று. ஞாபகத்தார் அதற்கும் எழுந்து நின்று, செருப்பைக் கழற்றி, தன்னைப் பற்றி முழுப்பக்க அறிமுகம் ஒன்று அனுப்பிவைத்தார்.

ஒரு தீபாவளிக்கு ஒரு கம்பெனியில் இருந்து இமெயில் வந்தது. 'உங்கள் மடல் கிடைத்தது. நான் விடுமுறையில் இருக்கிறேன்.' கம்ப்யூட்டர் தானாகவே அனுப்புகிற பதில் அது. ஞாபகத்தார் உடனே 'நல்லபடியா பண்டிகை கொண்டாடுங்க' என்று பதில் போட்டார். மறுபடியும் 'உங்கள் மடல் கிடைத்தது' என்று வந்தது. 'பலகாரமெல்லாம் ஆச்சுங்களா?' என்று இவர் கேட்டார். அதற்கும் அது சளைக்காமல் பதில் சொன்னது. மூன்று நாள் இந்த உறவு நீடித்தது.

"அண்ணா, அது மெஷினுங்க!" என்று கத்தினேன்.

"தெரியுமுங்க அம்மணி. மெஷினா இருந்தாலும் எத்தன மரியாத பாருங்க."

அவருடைய உச்சகட்டப் படைப்பு கல்யாணப் பத்திரிகைதான். ஒரு வீரபாண்டிக் கம்பெனி இரண்டு மாதமாக ஒரு முயலுக்கு ஓகே சொல்லாமல் இழுத்தடித்தது. ஞாபகத்தார் மஞ்சள் மூலையோடு ஒரு பத்திரிகை வடிவமைத்து அனுப்பினார். 'பேரன்புடையீர், மணமகன் முயல் (மூன்று கலர்), மணமகள் வெள்ளை டி-சர்ட் (சுத்தமான காட்டன்). இவர்தம் திருமணத்தைத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து, ஓகே என்ற ஒரு சொல்லால் வாழ்த்தியருள வேண்டுகிறோம். மொய் தவிர்க்கவும். கரெக்‌ஷன் இருந்தால் உடன் கொண்டு வரவும்.' கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை கம்ப்யூட்டரிலேயே கிடந்தார்.

இதையெல்லாம் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன், எனக்கே அந்த நிலைமை வரும்வரை.

நான் தாராபுரத்துக்காரி. திருப்பூரில் தனியாக வரைந்து பிழைக்கப் போகிறேன் என்றபோது அப்பா ஒரு வருஷம் கெடு வைத்தார். வருஷத்துக்குள் நிலையாக ஒரு கம்பெனியாவது பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து, மாமா நடத்தும் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் டைப் அடிக்க வேண்டும். நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன். பதினோரு மாதம் துண்டு துக்காணி வேலைகளிலேயே ஓடிவிட்டது. பன்னிரண்டாவது மாதம்தான் அதே வீரபாண்டிக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் மனோகரன் சார் கிடைத்தார். கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒட்டகச்சிவிங்கி ஒன்றை நாலு கலரில் வரைந்து கொடுத்தேன். "இதுக்கு ஓகே ஆயிருச்சுன்னா சீசன் முழுக்க உங்களுக்கேதானுங்க" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

இருபது நாள் ஆயிற்று. செய்தி அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும். அதற்குமேல் ஒன்றும் விழாது. போன் அடித்தால் முழுசாக அடித்து ஓயும். இந்தப் பக்கம் அப்பா கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம டெம்போ சொல்லிப் போட்டேன் கண்ணு. டேபிளையும் ஏத்திக்கலாம்."

"டேபிள் வாடகைக்கு எடுத்ததுங்கப்பா."

"அப்பக் கம்ப்யூட்டர மட்டும் ஏத்திக்கலாம்" என்றார். அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னதால் அழுகை வந்தது.

அழுகை வந்தால் எனக்கு உடனே கோபமும் வரும். 'சார், பதில் சொல்லக்கூட முடியாத அளவுக்கு அப்படி என்ன வேலை? ஓகே என்றால் ஓகே, இல்லை என்றால் இல்லை. எனக்கும் வாழ்க்கை இருக்கிறது' என்று டைப் அடித்தேன். ஞாபகத்தார் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், போனைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷம் முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். திரும்பி வந்தபோது அது இப்படி இருந்தது: 'சார், நல்லா இருக்கறீங்களா? வேலை ரொம்ப இருக்குமுங்க. ஓகேன்னா ஓகேங்க, இல்லைன்னா இல்லீங்க. ரெண்டுல எதுன்னாலும் எங்களுக்குச் சந்தோசமுங்க.'

"எனக்குச் சந்தோஷம் இல்லீங்களே!" என்றேன்.

"அது எதுக்குங்க அம்மணி அவருக்கு?"

கிழமை பார்க்காமல் அதையும் அனுப்பினோம். 1, 2, 3, 4 அனுப்பினோம். ஒட்டகச்சிவிங்கிக்கும் கல்யாணப் பத்திரிகை அடித்தோம். நீல டிக், நீல டிக், நீல டிக். புதன்கிழமை வந்தது. அதற்கும் ஞாயிற்றுக்கிழமை டெம்போவுக்கும் நடுவில் மூன்றே நாட்கள்தான் இருந்தன. ஞாபகத்தார் வரைவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கடைசியா ஒண்ணு இருக்குதுங்க. இதுவரைக்கும் நான் உபயோகிச்சதில்லீங்க."

"என்னதுங்க?"

"நல்லதுக்குக் கூப்புட்டா வேல இருக்குதும்பாங்க. கேதம்னு ஒரு தாக்கல் போனா, பேச்சுவார்த்த இல்லாத பங்காளிகூட வந்து நிப்பானுங்க."

சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் கேதம் என்போம், சேதி சொல்லி அனுப்புவதைத் தாக்கல் என்போம். பத்து வருஷம் மூஞ்சியில் முழிக்காதவர்களும் கேதத்துக்கு வந்துவிடுவார்கள். வராமல் இருக்க எந்தச் சாக்கும் செல்லாது.

"யாருங்க செத்தது?" என்று கேட்டேன்.

"உங்க ஒட்டகச்சிவிங்கிதானுங்க. இந்த ஃபைல மூடிக்கறமுங்கன்னு மரியாதையாச் சொல்றோம். அவ்வளவுதானுங்க."

வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. கறுப்புக் கட்டம் எல்லாம் எதற்கு என்று எழுத்திலேயே தயார் செய்தார். 'கண்ணீர் அஞ்சலி. மண்ணரை ஞாபகத்தார் ஆர்ட்ஸ் குடும்பத்தின் தூணும், எல்லோரிடமும் சிரித்த முகத்தோடு பழகியவருமான' என்பது முதல் வரி. அதற்குக் கீழேதான், 'திருவாளர் ஒட்டகச்சிவிங்கி (நாலு கலர்) அவர்கள், இருபத்துமூன்று நாள் பதில் இன்றி வாடி, இன்று காலை காலமானார். தாங்கள் ஓகே என்று ஒரு சொல் சொன்னால் எழுந்து உட்காரவும் வாய்ப்புண்டு' என்று இருந்தது. பதினோரு மணிக்கு எழுந்தார், செருப்பைக் கழற்றினார், மேல் பட்டனைப் போட்டார், தன் போனில் இருந்தே மனோகரன் சாருக்கு அனுப்பினார். போனை டிராயரில் வைத்துப் பூட்டினார். டீக்கடைக்குப் போனார். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு, போவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் நடந்ததை நாங்கள் பிற்பாடு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம். மனோகரன் சார் அப்போது ஒரு மீட்டிங்கில் இருந்தார். போனின் நெற்றியில் முதல் வரி மட்டும் தெரிந்தது. மெர்ச்சண்டைசர்கள் எந்தச் செய்தியையும் முதல் வரிக்குக் கீழே படிப்பதில்லை, அதுவும் மீட்டிங்கில். அவர் மேஜைக்கு அடியிலேயே, ஊரில் உள்ள மெர்ச்சண்டைசர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸாப் குழுவில், 'மண்ணரை ஞாபகத்தார் தவறிட்டாருங்க' என்று போட்டு, இரண்டு கும்பிடும் வைத்துவிட்டார்.

பத்து வருஷமாக அவருக்குப் பதில் போடாதவர்கள் அத்தனை பேரும் அந்த நிமிஷமே அவரை அழைத்தார்கள். போன் டிராயருக்குள் கிடந்து உறுமிக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. எடுக்காததால் சாவு உறுதியாகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பதில் போடத்தான் நேரமாகும். மற்றதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். பன்னிரண்டரை மணிக்கெல்லாம் தெருவில் சாமியானா ஏறிவிட்டது. பிளாஸ்டிக் சேர்கள் வரிசையாக வந்து இறங்கின. ஜிப் கடைக்காரர் காரணம் கேட்காமலே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். ஆளுயர மாலையோடு ஸ்கூட்டர்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குட்டி லாரியில் ஃப்ரீசர் பெட்டி வந்து நின்றது. அதைக் கொண்டுவந்தவர் மாடியேறி வந்து என் தோளைத் தட்டினார்.

"பெட்டி வந்திருக்குதுங்க. பாடி எங்கீங்க?"

நான் இயர்போனைக் கழற்றிக்கொண்டு மாடிப்படி வழியே கீழே பார்த்தேன். கிட்டத்தட்ட ஐம்பது பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில், மடியில் பன் பொட்டலத்தோடு, அவர்கள் எல்லாரையும்விடத் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஞாபகத்தார் உட்கார்ந்திருந்தார்.

டீக்கடையில் இருந்து திரும்பியவர், தன் கட்டடத்து வாசலில் சாமியானாவைப் பார்த்திருக்கிறார். யாரோ தவறிவிட்டார்கள், யாரென்று கேட்டுக்கொண்டு நிற்பது அழகல்ல என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டார். புதிதாக வருகிறவர்கள் வரிசையாகக் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டுக்கொண்டு வர, இவரும் கையை நீட்டியிருக்கிறார். அவர்களும் குனிந்த தலை நிமிராமல் இவர் கையைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவரைச் செய்திகளில் மட்டுமே அறிந்த பக்கத்து சேர்க்காரர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்.

"தங்கமான மனுசனுங்க."

"அப்படீங்களா? எப்படிங்க ஆச்சு?" என்று ஞாபகத்தார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருக்குங்க தெரியும். காத்தால மெசேஜ் வந்துச்சு. போன எடுக்க மாட்டேங்கறாங்க."

"கேதத்து ஊட்டுல போன எடுக்க ஆளிருக்காதுங்க" என்று ஞாபகத்தார் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஆட்டோவில் இருந்து சாந்தி அக்கா இறங்கினார். ஞாபகத்தாரின் மனைவி. பக்கத்து கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்ப்பவர். யாரோ சொல்லிவிட்டார்கள். தலைவிரி கோலமாகச் சாமியானாவுக்குள் ஓடியவர், கடைசி வரிசையில் பன் பொட்டலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, நீங்க செத்துட்டீங்கன்னாங்க?"

"யாரு சொன்னாங்க சாந்தி?"

"ஊரே சொல்லுது!"

"எனக்கு ஒரு தாக்கலும் வரலியே" என்றார் ஞாபகத்தார்.

ஐம்பது தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. சாந்தி அக்கா கையில் இருந்த டிபன் பையால் அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினார். சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து விசும்பி அழுதார். கூட்டத்தில் இருந்த மனோகரன் சார் போனை எடுத்து, அந்தச் செய்தியை வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படித்தார். ஒட்டகச்சிவிங்கி என்ற இடம் வந்ததும் ஒருவர் சிரித்தார். அப்புறம் சாமியானாவே சிரித்தது. ஃப்ரீசர் பெட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு போன்ல இருந்தே வந்திருக்குது. அப்பக்கூட உங்களுக்குச் சந்தேகம் வரலீங்களா?" என்று மனோகரன் சாரைக் கேட்டேன்.

"முன்னாலயே டைப் அடிச்சு வெச்சிருப்பாருன்னு நெனச்சேனுங்க. அந்தளவுக்கு முறையான மனுசனாச்சுங்களே" என்றார் அவர்.

அப்போது வீரபாண்டிக் கம்பெனியிலேயே உள்ள ஒரு மெர்ச்சண்டைசர் அம்மாள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க செக்சன்ல புதங்கெழம பதினோரு மணியாச்சுன்னா எல்லாரும் உங்க மெசேஜ சுத்தித்தானுங்க நிப்போம். அந்த முயல் கல்யாணப் பத்திரிகைய பிரிண்ட் எடுத்துச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறமுங்க."

ஞாபகத்தார் சேரை விட்டு எழுந்தார். "படிச்சீங்களா?"

"ஒண்ணு விடாமப் படிச்சிருக்கறமுங்க."

"அப்பறம் ஏனுங்க ஒரு பதில்..."

அந்த அம்மாள் சங்கடமாக நெளிந்தார். "பதில் போட்டுட்டா அடுத்த வாரம் மெசேஜ் வராதேங்க."

எனக்கு எரிச்சலில் காது அடைத்தது. பத்து வருஷமாக ஒரு மனிதரை வாரப் பத்திரிகையாக நடத்தியிருக்கிறார்கள்! ஞாபகத்தாருக்குக் கோபம் வரவில்லை. அவர் முகம் என்னவோ போல ஆகி, பன் பொட்டலத்தைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அடுத்து ஒரு பெரிய விவாதம் கிளம்பியது. கேதத்துக்குப் போனால் வீட்டுக்குள் நுழையுமுன் குளிக்க வேண்டும். ஆனால் யாரும் சாகவில்லையே, குளிக்க வேண்டுமா? செத்தது ஒட்டகச்சிவிங்கி, அதற்குத் தலைக்குக் குளிப்பதா, கை கால் கழுவினால் போதுமா? கால் மணி நேரம் பேசி, எதற்கும் குளித்துவிடுவது என்று முடிவாயிற்று. அதேபோல, கேதத்து வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அதிலும் ரிஸ்க் எடுக்க யாரும் தயாராக இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள். நேரில் வந்தும் பதில் சொல்லாமல் போகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, மனோகரன் சார் கெளம்பறாருங்க. கேளுங்க" என்று அவர் முழங்கையைக் கிள்ளினேன்.

"கேதத்துக்கு வந்தவங்ககிட்ட வேல பேசக் கூடாதுங்க அம்மணி."

"யாருமே சாகலீங்களே!"

"அவங்க வந்தது கேதத்துக்குத்தானுங்களே. நம்ம நல்லது கெட்டதுக்கு வந்து நின்னவங்கள வாசல்ல மறிச்சு ஓகே கேட்டா, அப்பறம் என்ன மனுசனுங்க நான்?"

விறுவிறுவென்று மாடியேறி, கம்ப்யூட்டர் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எதற்கு, அன்றைக்கே அப்பாவை டெம்போவோடு வரச்சொல்லிவிடலாம் என்றிருந்தது. மாற்றுச் சான்றிதழ் டைப் அடிப்பதும் ஒரு வேலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே கண் மறைத்தது.

அப்போதுதான் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தேன். மனோகரன் சாரின் பைக் தெருமுனையைத் திரும்பப் போகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, ஞாபகத்தார் அதன் பின்னால் ஓடுகிறார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பைக் நின்றது. உச்சி வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில், அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்று ஏதோ கேட்டார். மனோகரன் சார் உதட்டைப் பிதுக்கினார்.

என்ன பேசினார்கள் என்பதை மனோகரன் சாரே பின்னால் சொன்னார். "நான் வேணும்னு பண்ணலீங்க அம்மணி. வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுக்கற பையர் ஓகே சொன்னாத்தான நான் சொல்ல முடியும்? நானும் அவருக்கு நாலு மெயில் போட்டேனுங்க. ஒண்ணுத்துக்கும் பதில் இல்ல. அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பேசாம இருந்துட்டேன்." தன்னைப் போலவே பதில் வராமல் தவிக்கும் இன்னொரு மனிதர் இவர் என்று தெரிந்ததும், ஞாபகத்தார் அவர் போனை வாங்கி, நின்றபடியே பையருக்கு ஒரு மெயில் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் என்ன எழுதினார் என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "ஓகேங்க அம்மணி. ஒட்டகச்சிவிங்கி ஓகே. பையர் இன்னொண்ணு கேட்டிருக்காருங்க, அந்த மெயில எழுதுன ஆளு யாருன்னு." நான் அப்பாவைக் கூப்பிட்டு டெம்போ வேண்டாம் என்றேன். "அட்வான்ஸ் குடுத்துட்டேனே கண்ணு" என்றவர், பிறகு, "போச்சாது போ, நல்லா வரையி" என்றார்.

சீசன் வேலை கிடைத்ததும் வீரபாண்டிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து, மனோகரன் சார் மேஜையில் ஓகேவுக்குக் காத்திருக்கும் டிசைன்களின் பட்டியல் கிடந்ததைப் பார்த்தேன். முயல், ராக்கெட், கண்ணாடி போட்ட நாய்க்குட்டி என்று ஏழு வரிகள். ஏழுக்கும் நேராக ஒரே பெயர், ஞாபகத்தார் ஆர்ட்ஸ். அன்றைக்கு ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அந்த ஏழில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் அவர் டேபிளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கு உங்களுதையும் சேத்துக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

அவர் ஒரு யானைக்குத் தும்பிக்கை வரைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒருக்காச் செத்ததுக்கு ஒண்ணுதானுங்க அம்மணி கேக்க முடியும்."

நான் என் டேபிளுக்கு வந்து இயர்போனை மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.